ஆர்கேட் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக்: எதை வாங்குவது, எப்படி வயர் போடுவது?

கேள்வி: நானும் பையனும் சேர்ந்து இந்த லீவில் ஒரு ஆர்கேட் பெட்டி (பழைய வீடியோ கேம் கடைகளில் நின்றபடி ஆடும் பெட்டி) செய்யப் போகிறோம். பழைய மானிட்டரும் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியும் கையில் இருக்கின்றன. ஆன்லைனில் இரண்டு ஜாய்ஸ்டிக், இருபது பட்டன், வயர், போர்டு எல்லாம் சேர்ந்த கிட் மலிவாகக் கிடைக்கிறது. சன்வா மாதிரி ஜப்பான் பொருள்களைத் தனித்தனியாக வாங்கினால் விலை பல மடங்கு. எதை வாங்கலாம்? - கோவை வாசகர்

பதில்: முதலில் பையனோடு உட்கார்ந்து, என்னென்ன விளையாடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 1980-இல் வந்த பேக்-மேன், 1981-இல் வந்த டான்கி காங் இரண்டும் நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காகச் செய்யப்பட்டவை. 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு எட்டுத் திசையும், ஆளுக்கு ஆறு பட்டனும் வேண்டும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் பேக்-மேன் ஆடினால் திருப்பங்களில் கை கொஞ்சம் மூலைக்குப் போனதும் இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அழுந்தும். பேக்-மேன் திரும்ப வேண்டிய சந்தில் திரும்பாது. ஆட்டம் சரியில்லை என்று நினைத்துவிடுவோம், ஆனால் கோளாறு ஜாய்ஸ்டிக்கின் அடியில், தண்டு எந்தத் திசைகளில் போகலாம் என்று கட்டுப்படுத்தும் தடுப்புத் தகட்டில். சன்வா ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக்கில் இந்தத் தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் எட்டுத் திசை நான்காகிவிடும். கிட்டில் வருவதிலும் அப்படித் திருப்ப முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் பெட்டிக்கு மலிவான கிட்டே போதும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை. அதிலுள்ள ஜாய்ஸ்டிக் சன்வா அளவிலேயே செய்யப்பட்டதாக, ஐந்து பின் சாக்கெட் உள்ளதாக இருக்கட்டும். கிட் ஜாய்ஸ்டிக்கில் முதலில் தளர்வது ஸ்பிரிங்கும் மைக்ரோ சுவிட்சும்தான். நாளைக்கு அது அலுத்துப்போனால் நல்ல ஜாய்ஸ்டிக் ஒன்றை அதே ஓட்டையில், அதே திருகுகளில் மாட்டலாம். பின் வரிசை ஒத்துப்போகிறதா என்று மட்டும் மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டால் போதும்.

பணம் உண்மையில் வீணாவது ஓட்டையில். ஜப்பான் முறை பட்டனுக்கு 30 மி.மீ., ஸ்டார்ட், காயின் பட்டன்களுக்கு 24 மி.மீ. அமெரிக்க முறை பட்டனுக்கு ஏறக்குறைய 28 மி.மீ. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். 28-ஆகப் போட்ட ஓட்டையைப் பிறகு 30 ஆக்கப் பார்த்தால், ஹோல் சாவின் (வட்ட ஓட்டை வெட்டும் ரம்பம்) நடு பிட்டுக்குப் பிடிமானம் இருக்காது, மரம் பிய்ந்துவிடும். பலகையின் கனத்தையும் மறக்க வேண்டாம். அமுக்கி மாட்டும் பட்டன்கள் மெல்லிய உலோகத் தகட்டுக்கானவை. என் முதல் பெட்டியில் 18 மி.மீ. பிளைவுட்டில் அவற்றைப் போட்டேன். பட்டனின் பக்கத்திலுள்ள பிடிப்புக் காது விரிந்து பிடிக்க இடமில்லாமல் நாலு நாளில் ஒவ்வொன்றாக மேலே எழும்பி வந்தன. கனமான மரத்துக்கு நட்டு போட்டு முறுக்கும் பட்டன்தான் சரி. அதன் மரை உங்கள் பலகையின் கனத்துக்குப் போதுமா என்றும் பாருங்கள். ஜாய்ஸ்டிக்கின் தண்டும் அப்படித்தான். 18 மி.மீ. பலகையின் அடியில் மாட்டினால் மேலே தெரிவது குட்டையாகிவிடும். அந்த இடத்தில் மட்டும் அடியில் குடைந்து மெலிதாக்கச் சொல்லி ஆசாரியிடம் கேளுங்கள்.

ஓட்டை போடும் முன் அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, அதில் ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் செருகி, இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க நின்று ஆடிப் பாருங்கள். 60 செ.மீ. அகலப் பலகையில் இருவர் நின்றால் தோள் இடிக்கும். பட்டன்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்தால் நடுவிரல் மடங்கி வலிக்கும். பையனின் கையை அட்டைமேல் வைத்து விரல்நுனிகளைப் பென்சிலால் குறித்தாலே சரியான வளைவு கிடைத்துவிடும். அடுத்த வருடம் அந்தக் கை வளர்ந்துவிடும் என்பதால் உங்கள் கையையும் குறித்து நடுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வயர் என்றால் ஒரே வயர்க் காடாக இருக்கிறது. கிரவுண்டை மட்டும் ஒன்றாகச் சேர்க்கலாமா? ஒரு பட்டன் தொடாமலே அழுந்தியபடி இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கிலும் மேலும் கீழும் மாறி வேலை செய்கின்றன. - மதுரை வாசகர்

பதில்: சேர்க்கலாம். பட்டன் என்பது வெறும் சுவிட்ச். ஒரு கால் போர்டின் கிரவுண்டுக்கு, இன்னொன்று அந்தப் பட்டனுக்கான முனைக்கு. எல்லாப் பட்டன்களின் கிரவுண்டையும் பூச்சரம் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்துக்கொண்டு போங்கள். சரத்தின் கடைசி முனையையும் போர்டுக்கே கொண்டுவந்து மூடிவிட்டால், நடுவில் ஒரு லக் (வயர் முனையில் நசுக்கிப் பட்டனின் காலில் மாட்டும் உலோகத் துண்டு) கழன்றாலும் மற்றவை நிற்காது.

தானாக அழுந்தியிருக்கும் பட்டனின் மைக்ரோ சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள். மூன்று கால் இருந்தால் காம், என்ஓ, என்சி என்று அச்சடித்திருக்கும். காமும் என்ஓவும்தான் நமக்கு வேண்டும். உங்கள் வயர் என்சியில் இருக்கும். அது தொடாதபோதே இணைந்திருக்கும் கால்.

மேல் கீழ் மாறுவதற்கும் நேரான காரணம் உண்டு. தண்டை மேலே தள்ளினால் அதன் அடிமுனை கீழ்ப்பக்கம் போய் அங்குள்ள சுவிட்சை அழுத்தும். அதனால் மேல் திசைக்கான வயர் கீழ்ப்பக்க சுவிட்சில்தான் இருக்க வேண்டும். இட வலமும் அப்படியே.

லக் வாங்கும்போது அளவைச் சொல்லிக் கேளுங்கள். சன்வா 30 மி.மீ. பட்டனின் கால் 2.8 மி.மீ.; அமெரிக்க முறை மைக்ரோ சுவிட்சின் கால் பெரும்பாலும் 4.8 மி.மீ. பெரியதைச் சின்னதில் மாட்டினால் இன்று நிற்கும், பெட்டியை நகர்த்தும் அன்று கழன்றுவிடும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடத்துக்குப் போவதென்றால் ஒரு பட்டனைப் பையில் போட்டுக்கொண்டு போய், அதில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். கிரிம்பிங் டூல் இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்காதீர்கள். பட்டனின் காலில் நேராக சால்டர் வைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.

போர்டு இல்லாமல் நேராக ராஸ்பெர்ரி பையின் பின்களில் வயர் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் பின்கள் தாங்குவது 3.3 வோல்ட். எல்இடி பட்டனின் 5 அல்லது 12 வோல்ட் வயர் தவறி அங்கே பட்டால் ராஸ்பெர்ரி பையே போய்விடும். விளக்கின் கால்களை வேறு நிற வயரில் தனியாகவே கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒரே மாதிரி இரண்டு ஜீரோ டிலே போர்டு (பட்டன்களை யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் போர்டு) போட்டிருக்கிறேன். ஆன் செய்யும்போது சில நாள் என் ஜாய்ஸ்டிக் இரண்டாம் ஆட்டக்காரருக்குப் போய்விடுகிறது. - திருச்சி வாசகி

பதில்: இரண்டு போர்டும் கணினியிடம் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன. எது முதலில் கண்ணில் படுகிறதோ அது ஒன்றாம் எண். யூஎஸ்பி போர்ட்டுகளை மாற்றாமல் வைத்தால் பெரும்பாலும் குறையும். முழுக்கத் தீர வேண்டுமென்றால் இரண்டு ஆட்டக்காரருக்கும் ஒரே போர்டு போடுங்கள். அல்டிமார்க்கின் ஐ-பேக் 2 அப்படிப்பட்டது. அது கணினிக்குக் கீபோர்டாகவே தெரியும். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருள் எதிர்பார்க்கும் அம்புக்குறிகள், கன்ட்ரோல், காயினுக்கு 5, ஸ்டார்ட்டுக்கு 1 எல்லாம் முன்பே அமைந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கூரியர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல் ஜப்பான், 30 மி.மீ.' என்று போட்டிருந்தார்கள். வந்தது பெயரே இல்லாத 28 மி.மீ. பட்டன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். - சேலம் வாசகர்

பதில்: அப்படி மறுக்க அவருக்கு உரிமை இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்த விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். பட்டன் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். இரண்டையும் சேர்த்து விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. அதுவரை அந்தப் பட்டன்களைப் பலகையில் மாட்டவோ காலை வளைக்கவோ வேண்டாம், வந்தபடியே வைத்திருங்கள்.