தெற்கு ஐரோப்பாவின் மலைகளில் வாகன நெரிசல் இல்லாமல் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்? பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வியில் இருந்த விவரம் இதுதான்: மே மாதம் ஒரு வாரம் லீவு, சாதாரண ரோடு பைக், நாளுக்கு 60, 70 கிலோமீட்டர் ஓட்டும் தெம்பு. மலை வேண்டும், ஆனால் காருக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்ட முடியாது. என் பதில் ஒரே இடம்தான்: தெற்கு பிரான்ஸில் உள்ள செவென் மலைப்பகுதி.

தெற்கு பிரான்ஸிலேயே உள்ள வான்தூ மலைக்குப் போங்கள் என்று பலர் சொல்வார்கள். வாழ்நாளில் ஒருமுறை ஏற வேண்டிய மலைதான், மறுக்கவில்லை. ஆனால் பெதுவான் ஊரிலிருந்து ஏறும் பாதையில் கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் கேம்பர் வேன், மோட்டார் சைக்கிள் கூட்டம், அதற்கு நடுவே வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். பேர் பெற்ற கணவாயும் அமைதியான சாலையும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

செவென் ஏன் அமைதியாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற நாடுகளிலும் இப்படிப்பட்ட சாலைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த மலைகளில் ஒரு காலத்தில் ஜனம் நிறைய இருந்தது. செங்குத்தான சரிவுகளில் கல் அடுக்கிப் படிப்படியாக நிலம் எடுத்தார்கள். கஷ்கொட்டை மரம்தான் சோறு போட்டது. முசுக்கொட்டை வளர்த்துப் பட்டுப்புழு வளர்த்தார்கள், காசு வந்தது பட்டில்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழுக்களுக்கு நோய் வந்தது. அதை ஆராய்வதற்காக லூயி பாஸ்டரை 1865இல் பக்கத்து அலேஸ் நகருக்கு அனுப்பினார்கள். நோயைத் தடுக்கும் வழியை அவர் கண்டுபிடித்தார், ஆனாலும் பட்டுத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கஷ்கொட்டை மரங்களையும் நோய் தாக்கியது. அடிவாரத்து நிலக்கரிச் சுரங்கங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டன. ஊர்கள் காலியாயின, சாலைகள் மட்டும் நின்றன.

இன்று இந்தப் பகுதியின் பெரும்பங்கை உள்ளடக்கிய லொசேர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 76 ஆயிரம். பிரான்ஸிலேயே மிகக் குறைந்த மக்கள் வாழும் மாவட்டம் இதுதான். சதுர கிலோமீட்டருக்கு 15 பேர்கூட இல்லை. ஆனால் சாலைகள் அன்றைய ஜனத்தொகைக்குப் போட்டவை. மாடும் கோவேறு கழுதையும் இழுக்கும் வண்டிகளுக்கான சாலைகள் என்பதால் சரிவைச் சுற்றிச் சுற்றி நிதானமாக ஏறுகின்றன. பெரும்பாலும் 5, 6 சதவீத ஏற்றம். ஒரே மிதியில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே போகலாம். பள்ளத்தாக்குச் சாலைகளில் நெட்டையாக, மூன்று மாடி உயரத்துக்குக் கல் வீடுகளைப் பார்ப்பீர்கள். மேல் மாடியில்தான் புழு வளர்த்தார்கள், அதைச் சூடாக வைக்கக் கணப்புகள் எரிந்தன. இப்போது பாதி வீடுகளில் ஜன்னல் பலகை சாத்தியே இருக்கிறது. இந்த அமைதிக்குப் பின்னால் ஒரு நஷ்டம் இருக்கிறது என்பதை நான் அங்கே ஓட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அதனால்தான் இங்கே போகிறவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: சாப்பாட்டையும் ரொட்டியையும் பெரிய நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியில் உள்ள கடையில் வாங்குங்கள். அந்தக் கடைகள் திறந்திருப்பது வாங்க ஆள் இருக்கும் வரைதான்.

சரி, பாதை பார்க்கும் விதம். அதே இரண்டு ஊருக்கு நடுவே கார்களுக்கு வேகமான வேறு சாலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய சாலை உங்களுக்கு. இத்தாலியின் அப்ரூட்ஸோவில் ஏ 25 மோட்டார்வே வந்த பிறகு, ரோமிலிருந்து வரும் பழைய திபுர்தினா சாலை ஃபோர்கா கரூஸோ கணவாயைத் தாண்டும் இடத்தில் ஆளரவமே இல்லாமல் கிடக்கிறது. அதே கணக்குதான் எல்லா இடத்திலும்.

பிரான்ஸில் இதற்கு மிஷ்லின் நிறுவனத்தின் காகித வரைபடம் ரொம்ப உதவி. சிவப்புச் சாலை வேண்டாம். மஞ்சள் சாலை பரவாயில்லை. வெள்ளைச் சாலைதான் உங்கள் சாலை. ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம், ஆனால் மஞ்சளும் பச்சையும் சேர்ந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்காரர்களும் வருவார்கள். சாலை மேல் சின்ன அம்புக்குறிகள் போட்டிருக்கும்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். இரட்டை அம்பு தொடர்ந்து வரும் பாதையை முதல் நாளே தொடாதீர்கள். போன் செயலிகள் குறுக்கு வழி என்று மண் பாதையில் கொண்டுபோய் விடும். அதனால் நான் முதலில் காகிதத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் போனில் ஏற்றுவேன்.

தங்குவதற்கு ஃப்ளோராக். சுமார் 550 மீட்டர் உயரத்தில் உள்ள சின்ன ஊர், நாலு பக்கமும் பாதைகள் பிரிகின்றன. செவென் தேசியப் பூங்காவின் தலைமையகமும் அங்கேதான். முதல் சுற்றுக்கு டி 16 சாலையைப் பிடித்து மெழான் பீடபூமிக்கு ஏறுங்கள். ஊரை விட்டதும் கொண்டை ஊசி வளைவுகள், மூச்சு வாங்கும். ஆனால் 1000 மீட்டர் உயரத்தைத் தொட்டதும் எல்லாம் மாறிவிடும். மரம் இல்லை, வீடு இல்லை. சுண்ணாம்புப் பாறையும் புல்லும் கண்ணுக்கெட்டிய வரை. மே மாதத்தில் வானம்பாடி சத்தமும் உங்கள் செயின் சத்தமும்தான் கேட்கும். இந்தப் பீடபூமியில், வில்லாரே என்ற குடியிருப்புக்கு அருகில், மங்கோலியக் காட்டுக்குதிரைகள் 1993இலிருந்து வளர்க்கப்படுகின்றன. சாலையிலிருந்தே பார்க்கலாம். காய்ந்த புல் நிறத்தில், குட்டையாக, கழுத்து மயிர் நிமிர்ந்து நிற்கும்.

அங்கிருந்து கிழக்கே பெர்ஜூரே கணவாய், 1028 மீட்டர். ஃப்ளோராக் பக்கம் இறங்கும் சாலையை நிதானமாக இறங்குங்கள். 1960 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜூலை 10 அன்று ரொஜே ரிவியேர் இந்த இறக்கத்தில்தான் விழுந்தார். ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டிய உலக சாதனையை வைத்திருந்தவர், வயது 24. இறக்கத்தில் கில்லாடியான இத்தாலியர் கஸ்தோனே நென்சினியை விடாமல் துரத்தினார், வளைவில் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது, அதன் பிறகு பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. சாலையோரத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அங்கே நிற்பேன். வளைவைப் பார்த்தால் பயங்கரமாக ஒன்றும் தெரியாது, அகலம் குறைவு, அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது, அவ்வளவுதான். இந்த மலைகளில் பெரும்பாலான வளைவுகள் அப்படித்தான். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடியுங்கள், வளைவுக்குள் அல்ல. வலது ஓரத்தை விடாதீர்கள். காலி சாலை என்ற நினைப்பில் எதிரே வரும் தபால் வேன் நடு ரோட்டில் வரும்.

இந்தச் சுற்று மொத்தம் 50, 60 கிலோமீட்டருக்குள் முடியும்.

பெரிய நாள் எகுவால் மலைக்கு. உயரம் 1565 மீட்டர், உச்சியில் 1894இல் திறந்த வானிலை ஆய்வுக்கூடம் கோட்டை மாதிரி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலை மொட்டையாக இருந்தது. ஆடு மேய்ச்சலும் மரம் வெட்டுதலும் மண்ணை அரித்துக்கொண்டு போக, கீழே வெள்ளம். ஜார்ஜ் ஃபாப்ர் என்ற வனத்துறை அதிகாரி முன்னின்று மறுபடி காடு வளர்த்தார். இன்று நீங்கள் நிழலில் ஏறுவது அவர் தயவில். மெய்ருயேஸ் ஊரிலிருந்து ஏறினால் விட்டு விட்டு வரும் ஏற்றம், காலுக்கு இதம். தெற்கே வல்ரோக்கிலிருந்து ஏறினால் சுமார் 350 மீட்டரில் தொடங்கிக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வல்ரோக் பாதைதான் பிடிக்கும். கீழே இனிப்பு வெங்காயம் விளையும் படி வயல்கள், நடுவில் கஷ்கொட்டை, மேலே பீச் மரக்காடு (பழம் தரும் பீச் அல்ல, beech), உச்சியில் வெறும் புல் என்று ஒரே ஏற்றத்தில் எல்லாமே வந்து போகும். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். மே மாதமானாலும் முழுக்கை ஜாக்கெட்டும் கையுறையும் இல்லாமல் போகக் கூடாது.

செவென் கோர்னிஷ் என்ற பாதையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1702இல் தொடங்கிய கமிசார் கிளர்ச்சியின்போது, புராட்டஸ்டண்ட் விவசாயிகளை அடக்க மன்னரின் படை மலை முகட்டில் போட்ட ராணுவப் பாதை அது. அருமையான பாதை, ஆனால் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் அது தெரியும். வார நாளில், காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். தார்ன் நதிப் பள்ளத்தாக்குச் சாலையும் அப்படித்தான், ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கமே வேண்டாம்.

தண்ணீர் பற்றி ஒன்று. கிராமத்துக் குழாய்கள் பலவற்றில் குடிக்க உகந்தது அல்ல என்று பலகை இருக்கும், மதியுங்கள். குழாயே காணவில்லை என்றால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்காக வாசலருகே ஒரு குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான் வரும். அங்கேயும் பலகையைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள். பீடபூமியில் அதுவும் கிடைக்காது, இரண்டு பாட்டிலையும் ஃப்ளோராக்கிலேயே நிரப்ப வேண்டும். மதியம் 12லிருந்து 2 வரை கடை சாத்தியிருக்கும், திங்கட்கிழமை ரொட்டிக்கடையே திறக்காமல் போகலாம். பண்ணை வாசலில் பெலார்தோன் என்று கையால் எழுதிய பலகை தெரிந்தால் நில்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் ஆட்டுப்பால் சீஸ் அது. ரொட்டியோடு இரண்டு தின்றால் அடுத்த கணவாய் வரை தாங்கும்.

டயர் 28 மில்லிமீட்டர் குறைந்தபட்சம், 30, 32 போட முடிந்தால் இன்னும் நல்லது. சாலைகளைத் தார் ஊற்றி மேலே சரளை தூவித்தான் பழுதுபார்ப்பார்கள். அந்தச் சரளை சில வாரம் உதிரியாகவே கிடக்கும், எச்சரிக்கைப் பலகை பார்த்ததும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கியரில் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருக்கட்டும். ஆட்டு மந்தையோடு வெள்ளைக் காவல் நாய் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, மந்தையைச் சுற்றி மெதுவாக நடந்து போங்கள். வேகமாகத் தாண்டப் பார்த்தால்தான் அது துரத்தும்.

இலையுதிர்காலத்துக்குத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். மத்தியதரைக் கடலின் ஈரக்காற்று இந்த மலையில் மோதி, செப்டம்பர் முதல் நவம்பர் வரை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2020 செப்டம்பர் 19 அன்று வல்ரோக் பக்கம் ஒரே நாளில் சுமார் 700 மில்லிமீட்டர் பெய்தது, சாலைகள் அடித்துக்கொண்டு போயின. அப்புறம் அது வேட்டைக் காலமும்கூட. மே சரியான தேர்வு.

வந்து சேர, நீம் நகரிலிருந்து அலேஸ் வழியாக ஜெனோலாக், வில்ஃபோர் போகும் மலை ரயிலைப் பிடியுங்கள். வட்டார ரயில் என்பதால் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். ஆனால் ஒரு நாளில் சில வண்டிகள்தான், நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். மே மாதத்தில் அசென்ஷன் (இயேசுவின் விண்ணேற்றத் திருநாள்) விடுமுறை பெரும்பாலும் வரும், அது எப்போதும் வியாழக்கிழமை. வெள்ளிக்கும் சேர்த்து லீவு போட்டு நாடே கிளம்பிவிடும். அந்த நாலு நாளைத் தவிர்த்து உங்கள் வாரத்தைக் குறியுங்கள். முடியாவிட்டால் ஃப்ளோராக்கில் அறையை இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.