பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்: ஐந்து படங்கள் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

ஐந்து படங்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். கதையின் முடிவுகளையும் பேசப் போகிறேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கேள்வி: அண்ணா, முதல் படம் மட்டும்தான் படம், மற்ற நாலும் காசுக்காக எடுத்தவை என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பாதிதான் சரி. 2003-இல் வந்த முதல் படம் தன் காலில் தானே நிற்கிற படம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2006, 2007-இல் வந்த அடுத்த இரண்டையும் அதே தட்டில் வைத்துத் தள்ளிவிடுவது இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கிக்குச் செய்கிற அநியாயம். மூன்றையும் எடுத்தவர் அவர்தான், மூன்றிலும் ஓடுவது ஒரே கதை, அது வில் டர்னர், எலிசபெத் ஸ்வான் என்ற இருவருடைய கதை. ஜானி டெப் நடிக்கும் கடற்கொள்ளையன் ஜாக் ஸ்பாரோ அந்தக் கதைக்குள் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் போகிறவன். நாம் எல்லோரும் அவனைப் பார்க்கத்தான் போனோம், ஆனால் கதையின் பாரம் அவன் தலையில் இல்லாததால்தான் அவனால் அவ்வளவு சுதந்திரமாக ஆட முடிந்தது. நாலாவது படத்தில் அவனையே நடுவில் உட்கார வைத்தார்கள், சரிவு அங்கே தொடங்கியது. இதைக் கீழேயும் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் வந்திருக்கிற கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

கேள்வி: ஜானி டெப் தள்ளாடித் தள்ளாடி நடக்கிறார், குழறிக் குழறிப் பேசுகிறார். இதற்கா ஆஸ்கர் பரிந்துரை?

முதல் படத்தில் ஜாக் அறிமுகமாகும் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். பாய்மரத்தின் உச்சியில் ராஜா மாதிரி நிற்கிறான், பின்னணி இசை முழங்குகிறது, அடுத்த நொடியில் கீழே குதித்து வாளியால் தண்ணீரை இறைக்கிறான், ஏனென்றால் அவன் வந்திருப்பது ஓட்டை விழுந்த சின்னப் படகில். வழியில் தூக்கில் தொங்கும் கடற்கொள்ளையரின் எலும்புக்கூடுகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்கிறான். துறைக்கு வந்து சேரும்போது படகு முழுதாக மூழ்கியிருக்கிறது, பாய்மரத்தின் நுனியிலிருந்து மேடைக்கு ஒரே ஓர் அடி எடுத்து வைக்கிறான், தண்ணீர் காலில் படவே இல்லை. அங்கே காசு கேட்பவரிடம் மூன்று ஷில்லிங் கொடுத்து ‘பெயர் வேண்டாமே’ என்று பேரம் பேசிவிட்டு, போகிற போக்கில் அவருடைய பணப்பையையே எடுத்துக்கொண்டு போகிறான். சில நிமிடத்தில் அவனுடைய கர்வம், ஓட்டாண்டித்தனம், தோழர்கள் மேல் இருக்கும் மதிப்பு, திருட்டுப் புத்தி எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. வசனம் கொஞ்சம்தான், மீதி முழுக்க உடல்மொழி. அந்தத் தள்ளாட்டத்துக்குக் கித்தார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸை மனதில் வைத்துக்கொண்டதாக டெப் பலமுறை சொல்லியிருக்கிறார். மூன்றாம் பாகத்தில் அதே ரிச்சர்ட்ஸ் ஜாக்கின் தந்தையாக வந்து நிற்பது அதனால்தான் அவ்வளவு பொருத்தம். பரிந்துரையோடு நின்றது, விருது அந்த வருடம் ஷான் பென்னுக்குப் போனது.

கேள்வி: மூன்றாவது படம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை சார். யார் யாருக்கு எதிரி, யார் எந்தப் பக்கம்?

இது உங்களுக்கு மட்டும் இல்லை, வெளியான நாளிலிருந்தே இந்தப் படத்தின் மேல் வைக்கப்படும் முதல் குறை இதுதான். படம் கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிடம். இரண்டையும் மூன்றையும் சேர்த்தே படமாக்கினார்கள், படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதின் திரைக்கதை எழுதப்பட்டது, அந்த அவசரம் சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு வழி சொல்கிறேன். பக்கம் எது என்று தேடாதீர்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று மட்டும் பாருங்கள். வில்லுக்கு அப்பாவை, ஆக்டோபஸ் முகத்தோடு இருக்கும் கேப்டன் டேவி ஜோன்ஸின் கப்பலிலிருந்து மீட்க வேண்டும். முதல் படத்தில் வில்லனாக வந்த பார்போஸாவுக்குக் கலிப்சோ என்ற கடல் தேவதையை விடுவிக்க வேண்டும். ஜாக்குக்குச் சாவே வரக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெக்கெட்டுக்குக் கடல் முழுவதும் அந்தக் கம்பெனியின் கைக்குள் வர வேண்டும். இவ்வளவுதான், யாரும் கடைசிவரை ஒரே பக்கத்தில் நிற்பதில்லை.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மணல்திட்டுப் பேச்சுவார்த்தைக் காட்சியைப் பாருங்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். டேவி ஜோன்ஸ் மட்டும் தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் நிற்கிறான், ஏனென்றால் பத்து வருடத்துக்கு ஒரு நாள் தவிர அவன் கரையில் கால் வைக்க முடியாது. யாரும் இதை வாய்விட்டு விளக்குவதில்லை, பார்வையாளன் கவனிப்பான் என்று நம்பி விட்டுவிட்டார்கள். அந்த நம்பிக்கை இருக்கிற படம் எனக்குப் பெரிய படம். அப்புறம் பெக்கெட்டின் முடிவு: கப்பல் இரண்டு பக்கமும் சிதறிக்கொண்டிருக்க, சுடச் சொல்லி உத்தரவு போட வாய் வராமல், படிக்கட்டில் மெதுவாக இறங்கி வருகிறான், கைப்பிடிச் சுவரெல்லாம் அவனைச் சுற்றித் தூள் தூளாகப் பறக்கிறது. இந்த வரிசைப் படங்களிலேயே நான் அதிக முறை திரும்பப் பார்த்த காட்சி அது.

கேள்வி: டேவி ஜோன்ஸுக்கு மேக்கப் போட எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்?

திரையில் நாம் பார்ப்பது மேக்கப்பே இல்லை. பில் நைகி சாம்பல் நிற உடுப்பும் முகத்தில் புள்ளிகளுமாக மற்ற நடிகர்களோடு அதே கப்பல்தளத்தில் நின்று நடித்தார், அந்த அசைவுகளை எடுத்து ஐஎல்எம் நிறுவனம் கணினியில் உருவத்தை உருவாக்கியது. கண்கள் உட்பட எல்லாமே கணினி வேலை. கண்ணாவது நிஜமாக இருக்கும் என்று பலர் வாதாடியிருக்கிறார்கள், அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் கலைஞர்களுக்குக் கிடைக்காது. இரண்டாம் பாகத்துக்குக் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் கிடைத்தது. 2006-இல் செய்தது, இன்றைக்கு வரும் பல படங்களை விட உயிரோடு இருக்கிறது. மழை, ஈரம், இரவு வெளிச்சம் எல்லாம் அந்தத் தோலுக்கு ஒத்துழைக்கின்றன என்பது ஒரு காரணம், நடிகரை இயக்குநர் நேரில் நிறுத்தி நடிக்க வைத்தது அதைவிடப் பெரிய காரணம்.

கேள்வி: இசை ஹான்ஸ் ஸிம்மர்தானே?

இரண்டு, மூன்று, நாலு அவர். முதல் படத்தில் பெயர் கிளாஸ் பெடல்ட்டுக்கு. முதலில் ஒப்பந்தமான ஆலன் சில்வெஸ்ட்ரி விலகிவிட, நேரம் மிகக் குறைவு, ஸிம்மருக்கோ வேறு படம் கையில் இருந்தது. அதனால் முக்கிய மெட்டுகளை அவர் அமைத்துக் கொடுக்க, ஒரு பெரிய குழுவே சேர்ந்து எழுதி முடித்தது. ஐந்தாவதுக்கு ஜெஃப் ஸனெல்லி.

கேள்வி: எட்டு வயதுப் பையனுக்குக் காட்டலாமா?

முதல் படம், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் சரி. நிலா வெளிச்சத்தில் எலும்புக்கூடாக மாறுவது சில பிள்ளைகளுக்குப் பயமாக இருக்கும். வால்ட் டிஸ்னி பிக்சர்ஸ் பெயரில் வந்து 13 வயதுக்குக் கீழ் பெற்றோர் கவனம் தேவை என்ற பிஜி-13 சான்று வாங்கிய முதல் படமே அதுதான். மூன்றாவது படம் சிறுவன் உட்பட வரிசையாகத் தூக்கிலிடும் காட்சியோடு தொடங்குகிறது, அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: நாலாவது படம் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பிறகு எப்படி மக்களுக்குப் பிடிக்கவில்லை என்கிறீர்கள்?

உலக வசூலைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அமெரிக்க வசூலை மட்டும் பிரித்துப் பாருங்கள். முதல் படம் சுமார் 30 கோடி டாலர், இரண்டாவது 42, மூன்றாவது 31, நாலாவது 24, ஐந்தாவது 17. இரண்டாவதில் உச்சம் தொட்டு, அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் இறக்கம். நாலாவதை மற்ற நாடுகளும் 3டி கட்டணமும் தூக்கி நிறுத்தின. செலவும் சாதாரணமில்லை, சினிமா வரலாற்றிலேயே அதிகச் செலவில் எடுத்த படங்களில் அது ஒன்று.

2011-இல் வெர்பின்ஸ்கி போய் ராப் மார்ஷல் வந்தார், வில்லும் எலிசபெத்தும் இல்லை. அவர்கள் இடத்தில் ஒரு மதபோதகனையும் ஒரு கடற்கன்னியையும் வைத்தார்கள், அந்த இருவருக்கும் எழுதப்பட்ட காட்சிகள் கைவிரலில் அடங்கும். படகைச் சுற்றிக் கடற்கன்னிகள் பாடிக்கொண்டே நெருங்கி, அப்புறம் பல்லைக் காட்டிப் பாயும் காட்சி மட்டும் உண்மையிலேயே நன்றாக எடுக்கப்பட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பெனலோப்பி க்ரூஸ், இயன் மெக்ஷேன் இருவரையும் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு மந்தமாகப் படம் எடுத்ததில்தான் எனக்கு வருத்தம்.

கேள்வி: ஐந்தாவது படத்தில் ஜாக்கின் திசைகாட்டி விஷயத்தில் ஏன் எல்லோரும் கோபப்படுகிறார்கள்? சின்ன விஷயம்தானே?

சின்ன விஷயம் இல்லை. இரண்டாம் பாகத்தில் அந்தத் திசைகாட்டியை ஜாக் தன்னிடம் பண்டமாற்றாக வாங்கிக்கொண்டு போனதாகச் சூனியக்காரி டியா டால்மா சொல்கிறாள். ஐந்தாவதில் இளவயது ஜாக்குக்கு இறக்கும் தறுவாயில் இருக்கும் கேப்டன் அதைக் கொடுக்கிறார். அதோடு புது விதி ஒன்று: திசைகாட்டியைக் கைவிட்டால் உனக்கு மிகப் பெரிய பயம் எதுவோ அது விடுதலையாகும். முன்பே எலிசபெத் கையில் எல்லாம் அது போய்வந்ததே, அப்போது ஏன் எதுவும் நடக்கவில்லை? இத்தனை வருடம் கூடவே வந்த ரசிகனுக்கு, நீ பார்த்ததெல்லாம் கணக்கில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

என் சொந்தக் குறை வேறு. முதல் மூன்று படங்களில் ஜாக் முட்டாள் மாதிரி தெரிவான், ஆனால் அந்த அறையிலேயே அதிகம் யோசித்து வைத்திருப்பவன் அவன்தான். ஐந்தாவதில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பது மட்டும்தான் மிச்சம், தப்பிப்பதெல்லாம் அதிர்ஷ்டத்தால். ஹாவியர் பார்டெமின் சாலஸார் நல்ல வில்லன், அவனுக்கு எதிரில் நிற்க ஒரு ஜாக் இல்லை.

கேள்வி: பத்து வருடம் எலிசபெத் காத்திருந்தால் வில்லின் சாபம் தீர்ந்துவிடும் என்றார்கள். ஐந்தாவதில் தீரவில்லையே?

மூன்றாவதின் முடிவில் டேவி ஜோன்ஸின் இடத்துக்கு வந்த வில்லும் பத்து வருடத்துக்கு ஒரு நாள்தான் கரைக்கு வர முடியும், அதுதான் அந்தச் சாபம். அது தீரும் என்பது திரைக்கதை எழுதிய டெட் எலியட், டெரி ரோஸியோ இருவரும் கொடுத்த விளக்கம், படத்துக்குள் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஐந்தாவது படத்தை எடுத்தவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதின் முடிவில், குன்றின் மேல் பிள்ளையோடு நிற்கும் எலிசபெத்தைப் பார்த்து அவர்கள் கஷ்டம் முடிந்தது என்று நிம்மதியானவர்களுக்கு இது அடி. நீங்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டால் அந்த நிம்மதி உங்களுக்கே.

கேள்வி: இதில் எவ்வளவு நிஜ வரலாறு?

இடங்கள் நிஜம். ஜமைக்காவின் போர்ட் ராயல் கடற்கொள்ளையருக்குப் பேர்போன துறைமுகம், 1692 நிலநடுக்கத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போனது. டோர்ட்டுகா இன்றைய ஹெய்ட்டிக்கு வடக்கே இருக்கும் தீவு. நாலாவது படத்தில் வரும் கடற்கொள்ளையன் பிளாக்பியர்டும் நிஜ மனிதன், 1718-இல் வட கரோலினாக் கடற்கரைக்கு அருகே கொல்லப்பட்டான். ஆனால் மூன்றாம் பாகத்தில் வருகிற மாதிரி கிழக்கிந்தியக் கம்பெனி கரீபியனில் ஆட்சி நடத்தவில்லை, அதே படத்தில் காட்டப்படும் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் கால் வைத்ததே 1819-இல்.

கடற்கொள்ளையர் சட்டம் மட்டும் கற்பனை இல்லை. கப்பலுக்குக் கப்பல் தனித்தனி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற நிஜக் கடற்கொள்ளையனின் கப்பல் ஒப்பந்தம் நமக்குக் கிடைத்திருக்கிறது: இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைக்க வேண்டும், பணம் வைத்துச் சூதாடக் கூடாது, ஊனமானவனுக்கு இழப்பீடு உண்டு, முக்கிய விஷயங்களில் எல்லோருக்கும் ஓட்டு. அதே காலத்துக் கடற்படைக் கப்பல்களில் மாலுமிக்கு இதில் பாதி உரிமைகூடக் கிடையாது. படங்கள் இந்தப் பக்கத்தை இன்னும் தோண்டியிருக்கலாம்.

கேள்வி: ஜாக்கா, பார்போஸாவா?

பார்போஸா. யோசிக்கவே வேண்டாம். முதல் படத்தில் சாபத்தால் எதையும் ருசிக்க முடியாதவன், சாபம் தீர்ந்தால் ஒரு கூடை ஆப்பிளைத் தின்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், தீர்ந்த கணத்திலேயே குண்டடிபட்டு நிற்கிறான். வலிக்கிறது என்று சொல்லவில்லை, குளிர்கிறது என்கிறான், இத்தனை வருடத்தில் முதல்முறையாக உடம்பு எதையோ உணர்கிறது. கையிலிருந்து பச்சை ஆப்பிள் உருண்டு போகிறது. ஜெஃப்ரி ரஷ் அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும் விதத்தில் வில்லன் மேலேயே பரிதாபம் வந்துவிடும். ஐந்தாவதில் மகளுக்காக அவன் உயிரைக் கொடுப்பது அவசரமாக எழுதப்பட்ட காட்சி, அதையும் ரஷ் காப்பாற்றினார்.

கேள்வி: ஆறாவது வருமா? டெப் இல்லாமல் ஓடுமா?

தயாரிப்பாளர் ஜெர்ரி புரூக்கைமர் புதிய படத்துக்கான வேலை நடப்பதாகப் பேட்டிகளில் சொல்லி வருகிறார். டெப் இல்லாவிட்டால் போக மாட்டோம் என்பவர்கள் ஏராளம், அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் டெப் இருந்தும் இரண்டு படங்கள் சரிந்தன. அவர் வந்தாலும் வராவிட்டாலும் முதலில் வேண்டியது வில்லும் எலிசபெத்தும் போல நாம் கவலைப்பட ஒரு ஜோடியோ ஒரு குடும்பமோ, அப்புறம் கடலில் நிஜமாக மிதக்கும் ஒரு கப்பல்.

கேள்வி: கடைசியில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு ஏதாவது இருக்கிறதா? நான் எப்போதும் எழுந்து போய்விடுவேன்.

ஐந்திலும் இருக்கிறது. முதல் படத்தில் குரங்கு சாபப் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுக்கும். இரண்டாவதில் தீவுவாசிகளின் புதிய தலைவராகச் சாவிக்கொத்து நாய். மூன்றாவதில் பத்து வருடம் கழித்து எலிசபெத், இதைத் தவறவிட்டால் கதையே முடியாது. நாலாவதில் பெனலோப்பி க்ரூஸ் நடித்த ஏஞ்சலிகா கையில் ஜாக்கின் பொம்மை கிடைக்கும். ஐந்தாவதில் வில் தூங்கும் அறைக்குள் நண்டுக் கொடுக்கு வைத்த ஒரு நிழல் வரும், தரையில் சிப்பிகள் ஒட்டிக் கிடக்கும். மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் கட்டாயம் உட்கார்ந்திருங்கள்.