பொருளாதாரம் நன்றாக இருந்தால் ஆளுங்கட்சி வென்றுவிடுமா?

மலேசியாவின் பினாங்கில் பிறந்து வளர்ந்த எனக்கு, இதற்கு "ஆம்" என்று சொல்ல வாய் வரவில்லை.

என் தாத்தா இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தீவு சுங்கவரி இல்லாத துறைமுகமாக இருந்தவரை வேலைக்குப் பஞ்சமில்லை. அந்தச் சலுகை அறுபதுகளில் தேய்ந்து, 1969இல் பறிபோனது. அதே ஆண்டுத் தேர்தலில், தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த கெராக்கான் கட்சி மாநிலச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16ஐப் பிடித்தது. தாத்தா கொள்கை விளக்கக் கூட்டம் எதற்கும் போனவரில்லை. வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று மட்டும் எண்ணிப் பார்த்தார்.

கெராக்கான் சார்பில் முதல்வரான லிம் சோங் இயூவுக்கு வேலைவாய்ப்பை உருவாக்கியே ஆகவேண்டிய நெருக்கடி. ஆனால் வரிச்சலுகையும் உரிமமும் கோலாலம்பூரில் இருந்த மத்திய அரசின் கையில். எதிர்க்கட்சியாக நின்று வென்றவர் 1972இல் மத்தியில் ஆண்ட கூட்டணியோடு கைகோத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதே ஆண்டு தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது; சிப் தயாரிக்கும் இன்டெல் வந்தது. சில ஆண்டுகளில் என் அம்மாவும் தொழிற்சாலை பஸ் ஏறி இரவு ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார். எங்கள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான்.

இவ்வளவு செய்த லிம் சோங் இயூ 1990இல் பாடாங் கோத்தா தொகுதியில் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங்கிடம் தோற்றார். அங்கே ஓட்டு இருந்த அம்மாவின் தோழியும் அவருக்குப் போடவில்லை. "வேலை கொடுத்தார், நாமும் உழைத்துக் கொடுத்தோம். அதற்காக எத்தனை தடவை போடுவது?" என்றாராம். எந்தப் பொருளியல் பேராசிரியரும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. கிடைத்த வேலை பத்து ஆண்டுகளில் உரிமையாகிவிடுகிறது. இழந்தது மட்டும் நினைவில் நிற்கிறது.

வயிறு மட்டும்தான் என்றும் சொல்லமாட்டேன். 2008 மார்ச் தேர்தலில் தமிழர்களின் ஓட்டைத் திருப்பியதில் இடிக்கப்பட்ட கோயில்களுக்கும், இந்தியர் உரிமைக்காக இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணிக்கும் பெரும் பங்குண்டு. அந்த அலையில் பினாங்குச் சட்டமன்றத்தில் கெராக்கானுக்கு ஓர் இடம்கூட மிஞ்சவில்லை.

அரசியல்வாதிகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். அந்தத் தேர்தல் முடிந்த மூன்றாம் மாதம், ஜூனில், பெட்ரோல் லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 2.70க்கு ஒரே இரவில் ஏறியது. தேர்தலுக்கு முன் ஏற்றியிருப்பார்களா? 2025 செப்டம்பர் இறுதியில் பெட்ரோல் மானியத்தில் கை வைத்தவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். மானியமில்லாத விலை 2.60 வெள்ளி என்று அறிவித்துவிட்டு, ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்கு 2.05 ஆக இருந்ததை 1.99 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆறு காசுக்கு அம்மா இன்னும் யாரையும் பாராட்டவில்லை.