விரல் மடங்காத காலைகள்: முடக்குவாதத்துடன் வாழும் தாய்மார்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சரவாங்கி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி இறுகும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எனக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது என் மகளுக்கு மூன்று வயது. நான் இயன்முறை மருத்துவர் என்பதால் மூட்டுகளைப் பற்றியும், தாய் என்பதால் வீட்டைப் பற்றியும் பதில் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மூட்டுவாத மருத்துவரின் பொறுப்பு. அதை என்னிடம் கேட்க வேண்டாம்.

கேள்வி (சேலம், 34 வயது): காலையில் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்குவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். நல்ல தாயாக இருக்க என்னால் முடியவில்லை என்று தினமும் அழுகிறேன். இந்த நோயோடு மகிழ்ச்சி என்பது உண்டா, அக்கா?

பதில்: உண்டு. ஆனால் வலி தீர்ந்த பிறகுதான் அது வரும் என்று நீங்கள் காத்திருந்தால், அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

முதலில் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மூட்டின் உட்சவ்வில் அழற்சி இருக்கும்போது, இரவெல்லாம் அசையாத விரல்கள் வீங்கி இறுகிவிடுகின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் இரத்தத்தில் அதிகாலையில்தான் மிகுதியாகின்றன. ஆகவே காலை ஆறு மணிக்கு உங்கள் கை மறுப்பது சோம்பலும் அன்று, அன்புக் குறைவும் அன்று. இவ்வளவு நேரம் விறைப்பு நீடிப்பது நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம் என்பதால், அடுத்த முறை மருத்துவரிடம் அதை நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது இரட்டைப் பின்னலும் ரிப்பனும் பள்ளியின் விதி. முடியை மூன்று கால்களாகப் பிரித்துப் பிடிக்க, என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே மாட்டா. பின்னல் நழுவும், அவள் சிணுங்குவாள், நான் அதட்டுவேன், வாசலில் வண்டி வந்து நிற்கும். பல மாதங்கள் அப்படியே கழிந்தன. பிறகு, அம்மாவுக்குக் காலையில் கை வலிக்கிறது என்று அவளிடமே சொல்லிவிட்டு, பின்னலை மாலைக்கு மாற்றினேன். ஏழு மணிக்கு என் விரல்கள் ஓரளவு நெகிழ்ந்திருக்கும். வாசற்படியில் அவளை எனக்கு முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தொட்டு நிதானமாகப் பின்னுவேன். அன்றைய பள்ளிக் கதை முழுவதையும் அவள் அந்தப் பின்னல் முடிவதற்குள் சொல்லி முடித்திருப்பாள். காலையில் நெற்றி முடியை அவளே சீவிக்கொள்வாள். ரிப்பனை என் கணவர் கட்டிவிடுவார். இந்த 17 ஆண்டுகளில் நான் மிகவும் மகிழ்ந்திருந்த நேரம் எது என்று கேட்டால், அந்த வாசற்படியைத்தான் சொல்வேன்.

வீட்டு வேலைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மாவரைப்பது, துணி பிழிவது, டப்பாவின் மூடியை அழுத்தி மூடுவது ஆகியவற்றை யார் செய்தாலும் வேலை முடியும். பிள்ளை சொல்வதைக் கேட்பதும், மடியில் படுக்கவைத்துத் தலையைக் கோதுவதும் உங்களுக்கே உரியவை. நம்மில் பலர் உள்ள தெம்பையெல்லாம் முதல் வகைக்குச் செலவழித்துவிட்டு, இரண்டாவதற்கு எரிச்சலை மட்டும் மிச்சம் வைக்கிறோம். கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி (திருச்சி): மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி அதிகமாக இருப்பதால் தினமும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. முடக்குவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் எடுத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கூடுதலாக எடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவர்களும் மாத்திரை அட்டையின் மேல் கிழமையின் பெயரைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார்களே?

பதில்: பிடித்தால் சூப் குடியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்தில்லாமல் அழற்சி தொடர்ந்தால் எலும்பு அரிக்கப்படும், அரித்த எலும்பு திரும்ப வளராது.

கேள்வி (கோவை): உயரமான முக்காலியில் உட்கார்ந்து சமைக்கிறேன், பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். வருகிற உறவினர்கள் எல்லாம் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

பதில்: டோரதி ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளரை நினைத்துக்கொள்ளுங்கள். 1934-இல், 24 வயதில் அவருக்கு முடக்குவாதம் என்று தெரியவந்தது. 1938-இல் முதல் குழந்தை பிறந்த பிறகு நோய் கடுமையாகத் தாக்கியது. எக்ஸ்ரே கருவியின் விசையை விரல்களால் அழுத்த முடியாதபோது, அதற்கு நீளமான நெம்புகோல் ஒன்றைப் பொருத்தச் செய்து வேலையைத் தொடர்ந்தார். பென்சிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டறிந்து, 1964-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது அவர் மூன்று பிள்ளைகளின் தாய். உங்கள் கத்தரிக்கோல் அந்த நெம்புகோலின் இனம்தான். குக்கரையும் கைப்பிடியால் தூக்காமல், இரண்டு உள்ளங்கைகளாலும் அடியில் தாங்கித் துணியோடு தூக்குங்கள். முறுக்கு அச்சை வேறொருவர் பிழியட்டும்.

கேள்வி (வேலூர், 29 வயது): இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படலாமா?

பதில்: ஆசைப்படலாம், ஆனால் திட்டமிட்டு. மெத்தோட்ரெக்ஸேட் கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால், கருத்தரிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மருத்துவரின் மேற்பார்வையில் அதை நிறுத்திவிட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும்; கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. கர்ப்பிணிகள் பலருக்கு இந்த நோய் தணிவதை ஃபிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் 1938-இல் எழுதினார். அந்த ஆராய்ச்சி வழியே சென்றுதான் 1948-இல் முதல் நோயாளிக்கு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தான கார்ட்டிசோனைக் கொடுத்தார். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். வளைகாப்புக்குச் செலவழிப்பதைவிட, அந்த மாதங்களில் இரவில் குழந்தையைத் தூக்க யார் இருப்பார்கள் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி (மதுரை, 61 வயது): பின்னல் கதையைப் படித்தேன். ஏழு வயதுக் குழந்தையிடம் போய் அம்மாவுக்குக் கை வலிக்கிறது என்று சொல்லலாமா? எங்கள் காலத்தில் எந்தத் தாயும் தன் நோவைப் பிள்ளைக்குக் காட்டியதில்லை. பிள்ளையின் மனத்தில் பாரத்தை ஏற்றுவது தாய்மை ஆகாது.

பதில்: அம்மா, பிள்ளையின் மேல் உள்ள அக்கறையால்தான் கேட்கிறீர்கள் என்பதை உணர்கிறேன். நானும் முதல் சில ஆண்டுகள் மறைத்தே பார்த்தேன். மறைத்த வலி முகச்சுளிப்பாகவும் அதட்டலாகவும் வெளியே வந்துகொண்டேதான் இருந்தது. ஒரு நாள் இரவு என் மகள், "அன்றைக்கு நான் பாலைக் கொட்டினேனே, அதனால்தான் உங்கள் கை வீங்கிவிட்டதா?" என்று கேட்டாள். காரணம் தெரியாத குழந்தை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். அந்தப் பாரத்தைவிட உண்மையின் பாரம் குறைவு. ஆகவே பிள்ளையிடம் சொல்லுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, 27 வயது): நான் மதுரை அம்மாவின் பக்கம். என் தாய்க்கும் இதே நோய். மாத்திரைச் செலவு, அப்பாவின் மேல் இருந்த வருத்தம், செத்துப்போய்விடுவேனோ என்ற பயம் அனைத்தையும் அவர் என்னிடம்தான் சொல்வார். பத்து வயதில் அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி விழித்துக் கிடப்பேன்.

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சொல்லுங்கள் என்று பொதுவாகச் சொன்னது என் பிழை. எவ்வளவு என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். நோயின் பெயர், அது உன்னால் வரவில்லை, உனக்குத் தொற்றாது, மருத்துவர் பார்த்துக்கொள்கிறார், இன்று கை வலிப்பதால் உன்னைத் தூக்க முடியாது, பக்கத்தில் வந்து படுத்துக்கொள் என்பவை குழந்தைக்கு உரியவை. பணமும் பயமும் மனக்கசப்பும் பெரியவர்களிடம் பேச வேண்டியவை. உங்கள் தாய்க்கு அவ்வாறு பேச ஒருவரும் இருந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இதைப் படிக்கும் தாய்மார்கள் ஒரு தங்கையையோ தோழியையோ அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (மதுரை, மீண்டும்): இந்த அளவு சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளையிடம் வேலை வாங்கக் கூடாது.

பதில்: இதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை, அம்மா. பள்ளியை நிறுத்திச் சமைக்கவைத்தால் நானும் உங்களோடு சேர்ந்து கண்டிப்பேன். ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் முகத்தில் நான் பாரத்தைக் கண்டதில்லை, பெருமிதத்தைத்தான் கண்டேன்.

கேள்வி (தர்மபுரி): முடவாட்டுக்கால் பொடியாகக் கிடைக்கிறது. அதையாவது மாத்திரைக்குப் பதிலாக...

பதில்: மேலே நாமக்கல் சகோதரிக்குச் சொன்னதைப் படியுங்கள். பெயரற்ற பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அதை வாரக்கணக்கில் உண்டுவிட்டுத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு இனி நான் பதில் எழுதப்போவதில்லை.

கேள்வி (கடலூர்): மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: நோயின் பெயருக்காக அன்று, அசைவுக் குறைபாட்டின் அளவை வைத்தே தருவார்கள், பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): என் மனைவிக்கு இந்த நோய் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் என்ன செய்ய வேண்டும், மேடம்?

பதில்: என்ன உதவி வேண்டும் என்று அவரிடம் கேட்காதீர்கள், கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார். நாளை ஐந்தரை மணிக்கு எழுந்து வெந்நீர் வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு பாத்திரத்தில் ஊற்றி, அவர் எழுந்ததும் பத்து நிமிடம் கைகளை அதில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குள் பிள்ளைகளின் டப்பாக்களை நீங்கள் கட்டி முடித்துவிடுங்கள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் அன்று ஒரு நாள் அவர்கள் சாப்பிட்டுக்கொள்வார்கள். கிளம்பும் முன் கடைசி ஐந்து நிமிடம், பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவிடுங்கள்.