புதுப் போனும் முதல் சில வாரங்களும்: கேள்வி பதில்

போன் பழுதுபார்ப்பது என் தொழில். பேட்டரி, சார்ஜிங், டிஸ்ப்ளே, பழைய போனிலிருந்து புதியதற்கு மாறுவது, இவற்றைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் போன் வாங்கலாம் என்று மட்டும் கேட்க வேண்டாம். வாங்கியாகிவிட்டது, இனி அதோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. தொடங்கும் முன் ஒன்று: பழைய போனை ஒரு மாதத்துக்கு அழிக்காதீர்கள். காரணம் கீழே எப்படியும் வரும்.

புதுசு: முதல்முறை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் ஆன் செய்ய வேண்டும் என்றார்கள். பெட்டியிலேயே பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததால் அப்படியே பயன்படுத்தத் தொடங்கிவிட்டேன். பேட்டரி போச்சா?

போகவில்லை. அது நிக்கல் பேட்டரி காலத்து அறிவுரை. இன்றைய போன்களில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியை சோனி 1991லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்க உழைத்த மூவருக்கு 2019ல் வேதியியல் நோபலும் கொடுத்துவிட்டார்கள். அறிவுரை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. மாதம் ஒருமுறை சுத்தமாகக் காலிசெய்து ஏற்றச் சொல்வார்கள், அதையும் விடுங்கள். அதனால் சரியாவது திரையில் தெரியும் சதவீதக் கணக்குதான். பேட்டரிக்கு அதில் எந்த நன்மையும் இல்லை.

மாலைக்குள் காலி: வாங்கி மூன்று நாள். மதியமே 40 சதவீதம், மாலையில் 15. சும்மா வைத்திருந்தாலும் லேசாகச் சுடுகிறது. பழைய போனே இதைவிட நன்றாக நின்றது. மாற்றிக் கேட்கலாமா அண்ணா?

அவசரப்படாதீர்கள். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவந்திருப்பீர்கள். உள்ளே இப்போது குடிபுகுந்த வீடு மாதிரி வேலை நடக்கிறது. ஆயிரக்கணக்கான படங்கள் இறங்குகின்றன, அவற்றில் யார் முகம், என்ன பொருள் என்று போன் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது, ஆப்கள் வரிசையில் நின்று அப்டேட் ஆகின்றன. எந்த ஆப்பை எப்போது திறப்பீர்கள் என்பதும் அதற்கு இன்னும் தெரியாது. ஆண்ட்ராய்டில் அதைக் கணித்து வைக்கும் வசதி 2018ல், ஒன்பதாம் பதிப்பில் வந்தது. நீங்கள் தொடாத ஆப்களைத் தூங்க வைக்க, உங்கள் பழக்கத்தைக் கொஞ்ச நாள் பார்த்தாக வேண்டும். இதெல்லாம் போக, புதுப் போன் என்பதால் நீங்களும் அதைக் கீழே வைப்பதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படித்தான்.

ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். பிறகு ஓர் இரவு முழு சார்ஜில் வயரைப் பிடுங்கிவிட்டுப் படுங்கள். காலையில் இரண்டு முதல் ஐந்து சதவீதம் குறைந்திருந்தால் சரி. பதினைந்து, இருபது என்று குறைந்தால் ஏதோ ஓர் ஆப் இரவெல்லாம் விழித்திருக்கிறது, அல்லது அந்த அறையில் சிக்னல் மிகவும் பலவீனம். டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்னும். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று பெயரோடு இருக்கும். பத்து நாளுக்குப் பிறகும் ஒன்றும் ஓடாமலே சுட்டால் அது கோளாறுதான். அதனால் மாற்றிக்கொள்ளும் கெடு எந்தத் தேதி வரை என்று பில்லில் இன்றே பார்த்து வையுங்கள்.

ஜிபி எங்கே: 128 ஜிபி என்று வாங்கினேன். அவ்வளவு காட்டவில்லை.

கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படிக்கும் தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், சில போன்கள் 1024 ஆக எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் 128 என்பது 119. மீதிக் குறைவு, போனை இயக்கும் மென்பொருள் உட்கார்ந்திருக்கும் இடம்.

படப்பிரியன்: இரவில் படம் எடுக்க எந்த செட்டிங் நல்லது?

கேமரா என் துறை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

கைமாற்றிவிட்டேன்: புதுப் போன் வந்த அன்றே பழையதை ரீசெட் செய்து தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது என் மின்னஞ்சல் ஆறு இலக்க எண் கேட்கிறது. அந்த எண்ணைத் தரும் ஆப் புதுப் போனில் காலியாக இருக்கிறது.

வந்துவிட்டார். ஒரு மாதம் அழிக்காதீர்கள் என்று நான் சொன்னது இதற்குத்தான்.

அந்த ஆறு இலக்க எண்ணைப் போனே உருவாக்குகிறது. அதற்கு ஆதாரமான ரகசியச் சாவி பழைய போனுக்குள் இருந்தது. படமும் தொடர்பு எண்களும் தானாக வந்துவிடும், பல ஆப்களில் இந்தச் சாவி வராது. உங்கள் ஆப் கூகுள் ஆத்தென்டிகேட்டர் என்றால், 2023லிருந்து கணக்கோடு சேர்த்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்திருந்தீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஏதாவது கணினியில் அந்த மின்னஞ்சல் இன்னும் திறந்தே இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து லாக் அவுட் செய்துவிடாதீர்கள். அங்கிருந்தே பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய்ப் புதுப் போனைச் சேர்த்துவிட முயலுங்கள். அதுவும் இல்லையென்றால், இந்த எண் கேட்கும் பாதுகாப்பை ஆன் செய்த காலத்தில் எட்டு இலக்கத்தில் பத்து அவசர எண்களை எங்காவது எழுதி வைத்தீர்களா என்று தேடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கணக்கு மீட்புப் படிவம்தான், அதற்குப் பொறுமை வேண்டும்.

தம்பியிடமும் கேளுங்கள். செட்டிங்ஸ் வழியாக இல்லாமல் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்திருந்தால், அந்தப் போன் உங்கள் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு நிற்கும். திருட்டைத் தடுக்க ஆண்ட்ராய்டு 5.1ல் வைத்த பூட்டு அது. திருடனுக்கும் தம்பிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இரவுப்பறவை: இரவு முழுக்க சார்ஜில் போட்டுத் தூங்கலாமா?

தூங்கலாம். நிறைந்ததும் போனே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், சூடு வெளியேற வழியில்லை. 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை: குறுக்கிடுகிறேன் அண்ணா. மூன்று வருடம் கழித்து பேட்டரி இருபது சதவீதம் குறையும் என்று பயந்து, முதல் நாளிலிருந்தே இருபது சதவீதத்தை விட்டுக்கொடுப்பது என்ன கணக்கு?

எண்பதாம் ஆள்: இரண்டு வாரமாக 80ல்தான் வைத்திருக்கிறேன். பேட்டரி நீண்ட நாள் உழைக்கும் என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் என்ன?

கணக்குப்பிள்ளை: போன் நமக்கா, நாம் போனுக்கா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்டேஜ் ஏறுகிறது. வோல்டேஜ் உச்சத்தில் நிற்கும்போது உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கின்றன, சூடும் சேர்ந்தால் இன்னும் வேகம். நூறைத் தொட்டுவிட்டு உடனே இறங்குவதில் பெரிய கெடுதல் இல்லை. மணிக்கணக்கில் நூறிலேயே கிடப்பதுதான் கெடுதல். எனவே கணக்கு ஆளைப் பொறுத்தது. இரவு படுக்கும்போது 40 மிச்சம் இருப்பவருக்கு 80 வரம்பு இலவச லாபம். மாலையிலேயே தவிப்பவருக்கு அது தண்டனை.

இன்னொன்று, பேட்டரியின் ஆயுளைச் சார்ஜ் சுற்றுகளில் எண்ணுவார்கள். ஒரு முறை வயரைச் செருகினால் ஒரு சுற்று தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். இன்று ஐம்பது, நாளை ஐம்பது தீர்த்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐபோன் 14 வரை 500 சுற்றுக்குப் பிறகும், 15லிருந்து 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதத் திறன் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. 80 வரம்பைப் போட்டுவிட்டுப் போனை வெயிலில் வண்டிக்குள் விட்டுப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

கணக்குப்பிள்ளை: மூன்று வருடத்தில் புது பேட்டரி போட்டுக்கொண்டால் தீர்ந்தது. எதற்கு இத்தனை பத்தியம்?

என் பிழைப்புக்கு நல்ல யோசனைதான், மறுக்க மாட்டேன். ஆனால் பெரும்பாலான போன்களில் பின்பக்கமோ திரையோ பசையால் ஒட்டியிருக்கும். ஒருமுறை திறந்தால் தண்ணீர் புகாத தன்மை பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது.

எண்பதாம் ஆள்: பார்த்தீர்களா!

கணக்குப்பிள்ளை: மூன்று வருடப் போனைத் தண்ணீரில் போடப் போகிறீர்களா?

சரி, இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். வரிசையில் மற்றவர்களும் நிற்கிறார்கள்.

நீச்சல்காரர்: தண்ணீர் என்றதும் கேட்கிறேன். என் போனுக்கு ஐபி68 என்ற, தண்ணீரும் தூசியும் புகாது என்னும் தரக்குறி இருக்கிறது. குளத்துக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். அந்தச் சோதனை அசையாத சுத்தமான தண்ணீரில், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று நிறுவனமே குறித்துக்கொண்டு நடத்துவது. கடல் நீரும் சோப்பு நீரும் அதில் சேராது. தண்ணீரால் வரும் பழுதை வாரண்டியும் பொதுவாக ஏற்காது. அப்படியும் விழுந்துவிட்டால் அரிசியில் புதைக்காதீர்கள், தூளும் மாவும்தான் ஓட்டைகளில் புகும். அணைத்துவிட்டுக் காற்றாட வையுங்கள்.

விரல்: டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதிலிருந்து கைரேகை எடுக்கவில்லை.

பழைய ரேகையை அழித்துவிட்டு, கிளாஸோடு சேர்த்துப் புதிதாகப் பதியுங்கள். அப்படியும் எடுக்காவிட்டால் கிளாஸ் தடிமன், மாற்றுங்கள்.

எட்டு மணி: வாங்கியதும் எட்டு மணி நேரம் சார்ஜ் போடவில்லை, பரவாயில்லையா?

முதல் பதில்.

துடைப்பம்: பின்னால் ஓடும் ஆப்களை அடிக்கடி தள்ளித் தள்ளி மூடுகிறேன். நல்லதுதானே?

இல்லை. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிக சார்ஜ் போகும். நினைவகம் நிறைந்திருப்பது குற்றமில்லை, அதற்காகத்தான் வாங்கினீர்கள். எதுவாவது உறைந்து நின்றால் அதை மட்டும் மூடுங்கள். மெமரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் ஆப் இருந்தால் அதை முதலில் நீக்குங்கள்.

மகள்: அப்பாவுக்கு முதல் ஸ்மார்ட்போன். எழுபது வயது. திரையைத் தேய்த்துப் பின்னால் போவது அவருக்குப் பிடிபடவில்லை, கோபம் வந்து போனைக் கீழே வைத்துவிடுகிறார்.

தேய்க்கும் முறையை விட்டுவிடுங்கள் அம்மா. அவர் போன் ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் கீழே மூன்று பட்டன் வரும் பழைய முறை பெரும்பாலும் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்குங்கள். முதல் பக்கத்தில் நாலே நாலு ஆப், மற்றதெல்லாம் கண்ணில் படாத இடத்தில். ஒரு ஆப் அறிவிப்பு அனுப்பட்டுமா என்று கேட்டால், அழைப்பும் செய்தியும் தவிர எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, முதல் இரண்டு வாரம் ஐகான்களை இடம் மாற்றாதீர்கள். அவர் கை பழகுவது இடத்தைத்தான், படத்தை இல்லை. அவருடைய பழைய பட்டன் போனையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் எத்தனை எண்கள் சிம்மில் இல்லாமல் போனிலேயே கிடக்கின்றனவோ.

இன்னொரு எட்டு மணி: முதல் சார்ஜ் எவ்வளவு நேரம் அண்ணா?

மேலே. மேலே.

அவசரம்: புதுப் போனில் எல்லாம் வந்துவிட்டது. பழையதை இன்றே விற்கலாமா?

மேலே தம்பிக்குக் கொடுத்தவர் கதையைப் படியுங்கள். படித்துவிட்டும் விற்பீர்கள், தெரியும்.

எண்பதாம் ஆள்: கடைசியாக ஒன்று, அண்ணா. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு சார்ஜரைத் தேடி அலைகிறேன். இருந்தாலும் 80லேயே தொடரட்டுமா?

100 போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.