பாண்டாஸில் நடு நெடுவரிசைகள் எங்கே போயின?

கேள்வி: கடலூர் துறைமுகத்து மீன் வரத்துக் கணக்கு எக்செல்லில் இருக்கிறது, 42 நெடுவரிசை. பைத்தானில் பாண்டாஸ் (அட்டவணைகளைக் கையாளும் நிரல் நூலகம்) மூலம் திறந்து பிரிண்ட் செய்தால் முதலில் தேதி, படகு எண், கடைசியில் மொத்தம், அவ்வளவுதான். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளி. டேட்டா போய்விட்டதா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: எதுவும் போகவில்லை. ஷேப் (எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை என்ற அளவு) கேட்டுப் பாருங்கள், நெடுவரிசை 42 என்றே சொல்லும். டெர்மினல் (கட்டளைத் திரை) அகலத்துக்குள் அடங்காததை பாண்டாஸ் காட்டாமல் விடுகிறது, அவ்வளவுதான். பிரவுசரில் ஓடும் ஜூபிட்டர் நோட்புக்கில் என்றால் 20 நெடுவரிசைக்கு மேல் போனாலே புள்ளி வைத்துவிடும்.

பாண்டாஸின் செட்_ஆப்ஷனில் 'டிஸ்ப்ளே.மேக்ஸ்_காலம்ஸ்' என்பதற்கு நன் (None, வரம்பு இல்லை என்று பொருள்) கொடுங்கள், எல்லாம் வரும். ஆனால் டெர்மினலில் வரிக் கடைசியில் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டு மிச்சத்தைக் கீழே கீழே அடுக்கும், ஏனென்றால் 'டிஸ்ப்ளே.விட்த்' இன்னும் 80லேயே இருக்கிறது. அதை 1000 ஆக்கலாம், ஆனால் அவ்வளவு அகலம் உங்கள் திரையில் ஏது, அப்புறம் டெர்மினலே வரியை மடக்கிக் குழப்பும். குறிப்பு எழுதும் நெடுவரிசை 50 எழுத்தோடு நின்றால் 'மேக்ஸ்_கால்விட்த்' என்பதற்கும் நன்.

மீன் பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் இன்னொரு தலைவலி. 'மீன்' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நான்கு: ம, ஈகாரக் குறி, ன, புள்ளி. பாண்டாஸ் நான்கு என்று எண்ணித்தான் இடைவெளி விடுகிறது, அதனால் டெர்மினலில் தலைப்பு ஒரு பக்கம், எண் ஒரு பக்கமாகப் போகும், அந்த 50 எழுத்துக் கணக்கும் சீக்கிரமே தீர்ந்துவிடும். கிழக்காசிய எழுத்துகளுக்கென ஒரு செட்டிங் உண்டு, அது நமக்கு உதவாது. ஜூபிட்டரில் திறங்கள், அங்கே நிஜமான அட்டவணையாக வருவதால் வரிசை கலையாது.

கண்ணால் சரிபார்க்க மட்டும் என்றால் நான் இது எதையும் தொடமாட்டேன். ஹெட்(3) என்று முதல் மூன்று வரியை எடுத்து, பின்னால் ஒரு புள்ளியும் பெரிய 'டி'யும் போட்டுத் திருப்பிவிடுவேன். 42 நெடுவரிசையும் 42 வரியாக நிற்கும், வரிக்கான வரம்பு 60 என்பதால் புள்ளியே வராது.

வரி வரம்பான மேக்ஸ்_ரோஸ் என்பதற்கு மட்டும் நன் கொடுக்காதீர்கள், ஒரு வருஷக் கணக்கும் திரையில் ஓடும். யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் பிரிண்ட் வந்ததை அப்படியே காப்பி செய்யவும் வேண்டாம், அந்தப் புள்ளிகளும் கூடவே போகும். டூ_சிஎஸ்வி போட்டு, கோப்பாகச் சேமித்து அனுப்புங்கள்.