வீட்டுப் பத்திரத்தை எடுக்காதீர்கள்

போன வாரம் பல்லடத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் மகளோடு, மேல்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். பிளஸ் டூ, கணக்கு-இயற்பியல் குரூப். அப்பாவின் டைரியில் ஒரு கல்லூரியின் மேனேஜ்மென்ட் கோட்டா கணக்கு: நன்கொடை, நாலு வருஷக் கட்டணம், ஹாஸ்டல். கடைசி வரியில் "வீட்டுப் பத்திரம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டாராம். மகள் மடித்து வைத்திருந்த பேப்பர் துண்டை நீட்டினாள். முப்படை அதிகாரிகளைத் தயார் செய்யும் என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2025 மே 30-ல் பயிற்சி முடித்த முதல் 17 பெண்களின் படம்.

ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஐயா, அந்தப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். கடன் கட்டப் போவது பெரியப்பா இல்லை.

"பொண்ணை பட்டாளத்துக்கா அனுப்புறது?" என்று அம்மா கேட்டார். எங்கே அனுப்பப் போகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா.

புனேக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லா ஏரிக்கரையில் இருக்கிறது அகாடமி. 1949-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரி 16-ல் முறைப்படி திறந்தார்கள். உள்ளே போனால் கண்ணில் நிற்பது சூடான் பிளாக், உச்சியில் கோபுரக் குவிமாடத்தோடு. இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கப் போராடி இறந்த இந்தியச் சிப்பாய்களின் நினைவாகச் சூடான் அரசு ஒரு லட்சம் பவுன் கொடுத்தது. பிரிவினையில் நம் பங்காக வந்த 70,000 பவுன் இந்தக் கட்டடத்துக்குப் போனது. யாரோ ஒரு ஊர்க்காரர்கள் நம் பிள்ளைகளுக்குச் செய்த நன்றி அது. அங்கேயே நினைவுக் குடில் ஒன்று உண்டு. பணியில் உயிர்விட்ட பழைய மாணவர்களை நினைக்கும் இடம். அணிவகுப்பு மைதானத்துக்கு அருண் கேத்தர்பால் பெயர். அங்கே படித்தவர்; 1971 போரில் டாங்கிக்குள்ளேயே இறந்தபோது வயசு 21. மூன்று வருஷம் முடித்தவர்கள் மெதுநடையில் வந்து 'அந்திம் பக்' என்ற கடைசிப் படியைத் தாண்டுவார்கள். அந்தப் படியில் கால் வைக்கத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

சரி, செலவு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம், மருத்துவம் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். கைச்செலவு மட்டும் உங்களுடையது. முடிக்கும்போது டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும். அப்புறம் ஒரு வருஷம் அந்தந்தப் படையின் அகாடமி, அதன்பின் அதிகாரி. நுழைவுத் தேர்வுக்குப் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. லட்சம் கேட்கும் கோச்சிங் சென்டரும் வேண்டாம்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். கணக்குக்கு 300 மார்க், பொது அறிவு-ஆங்கிலத்துக்கு 600. அதற்கு மேல் எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் நேர்முகம், அதற்கு 900. குழுவில் பேசவைப்பார்கள், கயிறும் பலகையும் கொடுத்துத் தடை தாண்டச் சொல்வார்கள். வாய் திறக்காத பிள்ளை தேறுவது கடினம். பயிற்சி பிடிக்காமல் பாதியில் வந்தால், ஆன செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் அம்மா அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டேன்: படத்தில் எது பிடித்தது, யூனிஃபார்மா? "இல்லை சார், காலையில ஓடுறது," என்றாள். ஏழாம் வகுப்பிலிருந்து ஓடுகிறாளாம். வீட்டில் யாருமே கேட்டதில்லையாம்.

இந்த முறை கிடைக்காமல் போகலாம். 19½ வயசுக்குள் இன்னும் வாய்ப்பு வரும். அதுவரை அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேருங்கள், என்.சி.சி.யில் போடுங்கள். பட்டத்துக்குப் பிறகு சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது; 1992-லிருந்து பெண்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

பெரியப்பாவை அடுத்த வாரம் என்னிடம் கூட்டி வாருங்கள். அந்த டைரியையும் கொண்டு வாருங்கள்.